சத்தம் போன வண்டி

காருக்கு அடியிலிருந்து முதலில் வசவு வெளியே வந்தது. அதற்குப் பின்னால் முகமெல்லாம் கிரீஸாக நூலகர் வந்தார்.

"மாப்பிள்ளைக்கு என் வண்டின்னா அவ்வளவு இளக்காரமாப் போச்சா? இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்!"

கோபத்துக்குக் காரணம் இருந்தது. போன வாரம் ஊரிலிருந்து வந்த மகள், ரயில் நிலையத்தில் அவர் வண்டியில் ஏற மறுத்துவிட்டாள். என்ஜின் பெல்ட் கீச்சென்று கத்துவதைச் சாக்குச் சொல்லி, மூன்று வயதுப் பேத்தியோடு வாடகைக் காரில் ஏறிக்கொண்டாள். நூலகர் காலி வண்டியை அவர்கள் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்தார்.

மாப்பிள்ளை கார் கம்பெனியில் இன்ஜினியர். மாமனார் ரிப்பேர் பார்த்த வண்டியில் ஏறாதே என்று அவர்தான் ஓதி அனுப்பியிருப்பார் என்று நூலகர் முடிவே கட்டிவிட்டார். பேத்தியைத் தன் வண்டியில் ஒரே ஒரு தடவையாவது உட்கார வைத்து ஓட்ட வேண்டும் என்பது அவருடைய மூன்று வருட ஆசை. இன்று மாலை அவர்களுக்கு ரயில். அதற்குள் சத்தத்தை ஒழித்தாக வேண்டும்.

வண்டி வேலையை அவர் யாரிடமும் கற்றுக்கொண்டதில்லை. நூலகத்தில் ஆள் வராத மத்தியானங்களில் மோட்டார் புத்தகங்களை வரி விடாமல் படித்துத் தேறியவர். முப்பது வருடமாக ஒரு ஒர்க்‌ஷாப் வாசலைக்கூட மிதித்ததில்லை என்று கேட்டவர்களுக்கும் சொல்வார், கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

சக்கரத்தைக் கழற்றி, பெல்ட்டையும் உருவியாயிற்று. சத்தத்துக்குக் காரணம் என்ஜின் முனையில் பெல்ட்டைச் சுற்றவைக்கும் சின்னச் சக்கரம், தேய்ந்த புல்லி. அதன் நடு போல்ட்தான் அசைவேனா என்றது.

"அம்மாடி, கொஞ்சம் வா. டாப் கியர்ல போட்டிருக்கேன். நீ சீட்டுல உக்காந்து பிரேக்கை அழுத்திப் புடிச்சுக்கோ. என்ஜின் கூடவே சுத்தாம நின்னா போதும், நான் போல்ட்டைக் கழட்டிடுவேன்."

மகள் வந்தாள். கதவை அகலத் திறந்து வைத்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி, சீட்டின் நுனியில் உட்கார்ந்தாள்.

"பிரேக் நல்லாப் புடிக்குதாப்பா?"

"ஏன் புடிக்காது? போன மாசம்தான் நானே பிரிச்சு மாட்டினேன்."

அவள் நெற்றியில் குப்பென்று வியர்த்தது. ஜாக்கி நழுவிவிடும் என்று பயப்படுகிறாள் போலிருக்கிறது என்று நூலகர் சிரித்துக்கொண்டார்.

ஸ்பேனரில் ஒரு நீளக் குழாயைச் சொருகி மூன்று தரம் எம்பியதில் போல்ட் விட்டுக்கொடுத்தது. ரப்பர் வெடித்துப் போன பழைய புல்லியை அவர் மகளிடம் தூக்கிக் காட்டினார்.

"இவன்தான் கத்துனவன். உங்கம்மா இருந்தா இந்நேரம் ரெண்டாவது டீ வந்திருக்கும். நான் தொட்ட வண்டின்னா ஒரு வார்த்தை கேக்க மாட்டா, ஏறி உக்காந்துடுவா." பழைய புல்லியைத் தரையில் போட்டார். "அந்த லாரிக்காரப் பாவி நாசமாப் போக! எவனெவனுக்கு எவ்வளவு அழுதானோ, ஒரே வாரத்துல வெளிய வந்துட்டான்."

இரண்டு வருடத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குப் பழைய காரை ஓட்டிக்கொண்டு போன அவர் மனைவி டீச்சரம்மா, நாலு ரோடு சந்திப்பில் லாரி மோதி அங்கேயே போய்விட்டார். நூலகர் இடிந்து உட்கார்ந்துவிட்டார். போலீஸ், ஆஸ்பத்திரி, இன்சூரன்ஸ் என்று அலைந்து, எல்லாக் காகிதத்தையும் படித்துக் கையெழுத்துப் போட்டவள் மகள்தான்.

லாரிக்காரன் பேச்சை எடுத்தாலே அவள் எழுந்து போய்விடுவாள். இப்போதும் போய்விட்டாள். பாவம், அம்மா நினைப்பு என்று நூலகர் வேலையைத் தொடர்ந்தார்.

மூன்று மணிக்குப் புதுப் புல்லி ஏறியது. புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு போல்ட்டை முறுக்கினார். பெல்ட்டையும் சக்கரத்தையும் திரும்ப மாட்டிச் சாவியைத் திருப்பினார், என்ஜின் ஓடியது. கீச்சும் இல்லை, மூச்சும் இல்லை. சின்னப் பையன் மாதிரி அவர் குதிக்காத குறைதான். குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

நாலு மணிக்கு வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது.

நூலகருக்குச் சுருக்கென்றது. "சத்தம்தான் போயிடுச்சே, இன்னும் என்ன குறை? உன் புருஷன் சர்டிபிகேட் குடுத்தாத்தான் ஏறுவியா?"

"அவர் ஒண்ணும் சொல்லலப்பா. அவருக்கு எதுவும் தெரியாது. விடுங்க, நேரமாச்சு."

"விட முடியாது." அவர் பேத்தியைத் தூக்கிக்கொண்டார். "தாத்தா வண்டியில போலாமா கண்ணு?"

பேத்தி கை தட்டியது. அவர் குழந்தையைப் பின் சீட்டில் உட்கார வைத்ததுதான் தாமதம், மகள் பாய்ந்து வந்து பிடுங்கிக்கொண்டாள். குழந்தை வீரிட்டு அழுதது. வாடகைக் கார் டிரைவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வேத்து மனுஷன் முன்னாடி இப்படி அவமானப்படுத்தறியே! உங்கம்மா இருந்தா இதைப் பாத்துக்கிட்டு இருப்பாளா?"

மகள் குழந்தையின் தலையைத் தோளில் அழுத்திக்கொண்டாள்.

"உங்ககிட்ட கடைசி வரைக்கும் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன்."

"எதை?"

"லாரிக்காரன் மேல தப்பே இல்லப்பா, அம்மா வண்டியில நீங்க மாட்டின பிரேக் டியூப் கழண்டு தொங்கிட்டு இருந்துச்சு."