நண்டு அட்டை

ஐந்தரைக்கு எழுந்தேன். பல் துலக்கினேன். புட்டு அவித்து, பழம் பிசைந்து தின்றேன். சட்டையைத் தேய்த்தேன். ஏழு நாற்பது பேருந்தில் ஏறி, கடலோர ஊரான இனயத்தில் இறங்கி, பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன்.

என் மனைவி லிஜி இறந்து எட்டு மாதம். இரண்டு மாத விடுப்புக்குப் பிறகு வகுப்புக்குத் திரும்பிவிட்டேன். பாடம் எதுவும் பாக்கியில்லை.

மூன்றாம் வகுப்பு. முப்பத்தோரு பிள்ளைகள். பின்கதவருகே ஆணியில் ஓர் அட்டை தொங்குகிறது. ஒரு பக்கம் வெறுமை. மறுபக்கம் பிள்ளைகள் வரைந்த நண்டு.

உடம்பு இருப்புக்கொள்ளாத பிள்ளை யாராக இருந்தாலும் எழுந்துபோய் நண்டைத் திருப்பலாம். உடனே பாடம் நிற்கும். இரண்டு நிமிடம் வகுப்பே எழுந்து ஆட வேண்டும். குதிக்கலாம், சுவரைத் தள்ளலாம், தவளையாகத் தாவலாம்.

யார் திருப்பியது, எதற்கு என்று கேட்கக்கூடாது. கேட்டால் அடுத்த முறை எழுந்து வரமாட்டார்கள்.

ஒரு பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்தது. எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் அஜின் கடைசியாகப் பக்கத்துப் பிள்ளையைக் கடித்து மூன்று வாரமாகிறது.

தலைமையாசிரியை ஜெபகுமாரிக்கு ஒரு சந்தேகம். வராந்தாவில் போகும்போதெல்லாம் கவனித்திருக்கிறார். நண்டைத் திருப்புவது பெரும்பாலும் ஒரே பிள்ளை. ஜாஸ்மி. கைகட்டி, அசையாமல் உட்கார்ந்திருப்பவள்.

"அடக்கமான பிள்ளையின்னு பாத்தா, உள்ளுக்குள்ள ஆட்டமாக்கும்," என்றார். "இன்னைக்கு வந்து பாப்பேன். அதுக்கு ஏதும் கொறை உண்டும்னா எழுதி அனுப்பணும். வெளையாட்டுக்குத் திருப்புதுன்னா அட்டையக் கழத்தணும் சார்."

எழுதி அனுப்பினால் ஜாஸ்மிக்கு வேறு பள்ளிக்கூடம். அட்டையைக் கழற்றினால் அஜின் மறுபடி கடிப்பான்.

மூன்றாவது பாடவேளை. எட்டாம் வாய்ப்பாடு. கரும்பலகையில் 'எட்டு ஆறு' என்று எழுதினேன்.

ஒரு பெஞ்சு கிரீச்சிட்டது. திரும்பினேன். நண்டு.

"கரமடி!" என்று கத்தினான் அஜின்.

கரையில் நின்று கடலிலிருந்து இழுக்கும் பெரிய வலை. இல்லாத கயிற்றை எல்லோரும் பிடித்தார்கள். கடைசி ஆளாகக் கரும்பலகையை ஒட்டி நான். குதிகாலை ஊன்றி, சாய்ந்து, ஒன்றாக இழுத்தோம்.

"லே, கயித்த விடாத, மீனு போவும்!"

"என்ன மீனுலே?"

"சாளை!"

"போலே! சாளைக்கு இந்தக் கனம் உண்டுமா? சுறாவாக்கும்!"

அப்போதுதான் ஜெபகுமாரி டீச்சர் பின்கதவில் வந்து நின்றார். கயிறு போகும் திசையில், சரியாக நடுவில்.

கயிறு ஒரு கணம் தொய்ந்தது. பிறகு முப்பத்தோரு பேரும் ஒரே மூச்சில் இழுத்தார்கள்.

"டீச்சரு பட்டாச்சு! டீச்சரு பட்டாச்சு!"

டீச்சர் எங்களை ஒரு பார்வை பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கடைசி பெஞ்சில் வைத்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். ஓய்வுபெற ஒரு வருடம் இருப்பவர், வலையில் விழுந்த மீனாகத் துள்ளித் துள்ளிக் கரும்பலகை வரைக்கும் வந்து சேர்ந்தார்.

அஜின் சிரிப்பை அடக்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

இரண்டு நிமிடம் நாலு நிமிடமாகி முடிந்தது. பிள்ளைகள் மூச்சு வாங்கியபடி அமர்ந்தார்கள். டீச்சரும் மூச்சு வாங்கினார். ஆனால் வந்த வேலையை மறக்கவில்லை. ஜாஸ்மியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஒனக்கு என்னத்துக்கு மக்கா இத்தன ஆட்டம்?"

கேட்கக்கூடாது என்பது விதி என்றேன்.

"அது ஒங்களுக்கு. நான் மீனாக்கும். மீனு கேக்கலாம்."

வகுப்பு மறுபடி சிரித்தது. ஜாஸ்மி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு டீச்சரிடம் பதில் சொன்னாள். ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி.

டீச்சர் அவள் கன்னத்தைத் தட்டினார். என் பக்கம் திரும்பாமலே வெளியே போனார். எதுவும் எழுதி அனுப்பவில்லை. அட்டை ஆணியில்தான் இருக்கிறது.

அவள் சொன்னது இதுதான்:

"எனக்கில்ல டீச்சரே. சாரு எழுதிட்டே இருக்கும், பொறவு எழுதாம அப்பிடியே நிக்கும். நண்டத் திருப்புனாத்தான் சிரிக்கும்."