மேல் டிவிஷனில் முதல் ஆட்டம்

"தாக்குப் பிடிக்குமாண்ணே?"

காலையிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்த ஒவ்வொருவரிடமும் சலூன்காரர் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது உட்கார்ந்திருந்தவர் எதிர் வீட்டுப் பிளம்பர். முகம் முழுக்க நுரையோடு, கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னார்.

"பிடிக்கும் தம்பி. அடிமட்டத்துலேர்ந்து படிப்படியா வந்தது. தகுதி இல்லாமலா மேல ஏத்துவாங்க?"

சலூன்காரருக்கு ஆச்சரியம். பிளம்பர் ஆறு மாதத்துக்கு முன்தான் மனைவியோடு அந்தத் தெருவுக்குக் குடிவந்தவர். குழாய், வாஷர், தண்ணீர்த் தொட்டி தவிர வேறு எதைப் பற்றியும் பேசியதில்லை. கால்பந்தைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வருவது இதுதான் முதல் தடவை.

ஊரின் பச்சைச் சட்டை அணி இருபத்து மூன்று வருடத்துக்குப் பிறகு மேல் டிவிஷனுக்கு ஏறியிருந்தது. அந்தக் குஷியில் கடையின் ஒரு சுவருக்கே பச்சை வண்ணம் அடித்துவிட்டார் சலூன்காரர். ஆனால் நாள் நெருங்க நெருங்க அவருக்கு உள்ளுக்குள் உதறல்.

"கீழ் டிவிஷன் வேற, இது வேறண்ணே. இங்க ஒவ்வொருத்தனும் குதிரை மாதிரி ஓடுவான். அதுவும் இன்னிக்கு எதிர்ல யாரு? போன வருஷச் சாம்பியன்!"

"ஓடுறதைப் பத்திக் கவலையே வேணாம். விடியற்காலை அஞ்சு மணிக்கு மைதானத்தைச் சுத்திச் சுத்தி ஓடுறதை என் கண்ணால பார்த்திருக்கேன். மழை கொட்டுனாக்கூட ஒரு நாள் நின்னதில்லை."

சலூன்காரரின் கத்தி அந்தரத்தில் நின்றது. "பயிற்சியெல்லாம் போய்ப் பார்த்திருக்கீங்களா? இத்தனை நாளா மூச்சு விடலையே! சரியான அழுத்தக்காரர்ண்ணே நீங்க."

"என்னத்தச் சொல்றது தம்பி? இதெல்லாம் ஒரு பொழப்பான்னு சொந்தக்காரங்களே சிரிச்சாங்க. அன்னியிலேர்ந்து வெளிய பேசுறதை விட்டுட்டேன்."

"சிரிக்கட்டும் விடுங்க. ஆனா ஒண்ணு. பத்தாயிரம் பேர் கூடி நின்னு கத்துனா எப்பேர்ப்பட்ட காலும் நடுங்கும்."

"அதான் தம்பி," என்றார் பிளம்பர் மெல்ல. "எனக்கும் அதை நெனச்சாத்தான் பயம்." சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். "டிக்கெட் வாங்கிட்டேன். போகலாமா வேணாமான்னு இன்னும் மனசு அடிச்சுக்குது."

"அட, எழுந்திரிங்கண்ணே! ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம்."

சவரத்தை முடித்து, கடையைப் பூட்டிவிட்டுப் பிளம்பரின் வண்டியிலேயே கிளம்பினார்கள்.

ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரத்திலேயே சாம்பியன் அணி கோல் போட்டுவிட்டது. "போச்சு, போச்சு," என்று சலூன்காரர் தலையில் கை வைத்தார். ஆனால் பச்சைச் சட்டைகள் துவண்டுபோகவில்லை. விழுந்து விழுந்து தடுத்தார்கள். இடைவேளைக்குப் பிறகு பத்தாவது நிமிடத்தில் இடதுபக்கமாகப் பாய்ந்துபோய் ஒரு கோல் திருப்பிக் கொடுத்தார்கள். அரங்கமே எழுந்து குதித்தது. சலூன்காரர் முன்வரிசைக்காரரின் முதுகில் ஏறாத குறை. பிளம்பர் மட்டும் எழவில்லை. இரண்டு கைகளையும் இறுக்கிக் கோத்துக்கொண்டு, இமைக்காமல் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடுகள் மட்டும் எதையோ முணுமுணுத்தன. சந்தோஷத்தை உள்ளேயே வைத்துக்கொள்கிற ஆள் போலிருக்கிறது என்று சலூன்காரர் நினைத்துக்கொண்டார்.

கடைசி நிமிடம். மூலையிலிருந்து வந்த பந்து, கூட்டத்துக்கு நடுவே எகிறிய பச்சை அணித் தலைவரின் மேல் பட்டு வலைக்குள் போனது.

"கோல்!"

சலூன்காரர் கத்தி முடிப்பதற்குள் விசில் ஒலித்தது. நடுவர் தன் கையைத் தட்டிக் காட்டினார். பந்து கையில் பட்டுவிட்டது. கோல் கிடையாது.

அவ்வளவுதான். அரங்கம் கொதித்தது. தண்ணீர் பாட்டில்கள் பறந்தன. பச்சைச் சட்டைகள் நடுவரைச் சூழ்ந்துகொண்டார்கள். "கண்ணு அவிஞ்சு போச்சா? வீட்டுக்குப் போ!" என்று சலூன்காரர் தொண்டை கிழியக் கத்தினார். பக்கத்தில் பிளம்பர் இப்போது எழுந்து நின்றிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

நடுவர் ஓரடிகூடப் பின்வாங்கவில்லை. விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு, பந்தை எங்கே வைக்க வேண்டும் என்று நிதானமாகக் காட்டினார்.

அப்போது பச்சை அணித் தலைவர் தன் ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். தன் முழங்கையைத் தொட்டுக் காட்டி, ஆமாம் என்று தலையசைத்தார். கூட்டம் மெல்ல அடங்கியது. ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் சமனில் முடிந்தது.

சலூன்காரர் பொத்தென்று உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது. சாம்பியனோடு சமன்! அதுவும் முதல் ஆட்டத்தில்! அதற்கும் மேலே, பத்தாயிரம் பேர் முன்னால் உண்மையை ஒத்துக்கொண்ட ஒரு தலைவர்! நெஞ்சு விம்மியது.

"பாத்தீங்களாண்ணே? தாக்குப் பிடிச்சுட்டாங்க!"

திரும்பினால், பிளம்பர் கைதட்டிக்கொண்டிருந்தார். கன்னத்தில் தாரை தாரையாகக் கண்ணீர். வீரர்கள் எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். கூட்டமும் கலைந்துகொண்டிருந்தது. இவர் மட்டும் நிறுத்தவில்லை.

"அண்ணே, நம்ம டீம் உள்ள போயி எவ்வளவு நேரமாச்சு! இன்னும் யாருக்குக் கைதட்டுறீங்க?"

பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைசியாக வெளியேறிக்கொண்டிருந்த கறுப்புச் சட்டையைப் பிளம்பர் விரல் நீட்டிக் காட்டினார்.

"நடுவரா மேல் டிவிஷனுக்கு ஏறி வந்து, இன்னிக்குத்தான் முதல் ஆட்டம் தம்பி... எம் பொண்ணு."