புளிப்பில்லாத ஏழு நாள்

உபதேசியார் இராஜமாணிக்கம் கையில் மெழுகுவத்தியோடு குனிந்து, தனகோடியின் அடுப்பங்கரை மூலையைப் பார்த்தார்.

புளித்த மாவு இல்லை.

அரிசிப் பானைக்குப் பின்னால் பார்த்தார். அங்கேயும் இல்லை.

தனகோடி சுவரோரமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பன்னிரண்டு வருடமாகத் தறிக்காரத் தெருமுனையில் இட்லி விற்கிறவள் வீட்டில் ஒரு கரண்டி மாவு இல்லை என்பதை அவளாலேயே நம்ப முடியவில்லை.

எல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தது. வேலூரில் யாரோ கொடுத்த தடிமனான ஆங்கிலப் புத்தகம் ஒன்றை உபதேசியார் இரண்டு மாதமாகப் படித்துவந்தார். குருத்தோலை ஊர்வலம் முடிந்த கையோடு சபையாரை உட்காரவைத்துச் சொன்னார்: இயேசு யூதராகப் பிறந்து யூதராக வளர்ந்தவர். அவருடைய கடைசிப் பந்தி யூதர்களின் பஸ்கா பந்தி. இந்தப் பெரிய வியாழனன்று ஆரணிச் சபையும் அப்படியே சாப்பிடும். புளிக்காத அப்பம், கசப்புக் கீரை.

முந்தின நாள் சாயங்காலம், யூதர்கள் செய்வதுபோல, மெழுகுவத்தியோடு வீடு வீடாகத் தேடிப் பார்க்க வருவார். புளித்தது எதுவும் யாருக்கும் சொந்தமாக இருக்கக் கூடாது. ஏழு நாளைக்கு.

"ஏழு நாளா?" தனகோடி எழுந்தே நின்றுவிட்டாள். "ஏழு நாள் கடைய மூடினா, எட்டாம் நாளு தறிக்காரங்க எதிர்க்கடைக்காரனுக்கு மாமன் மச்சான் ஆயிடுவாங்க ஐயா!"

சபையே சிரித்தது. உபதேசியார் சிரிக்கவில்லை.

சொன்னபடி இன்று கிளம்பிவிட்டார். முதலில் சோதித்தது தன் வீட்டை. துடைத்துவிட்டதுபோல இருந்த அடுப்பங்கரையைப் பார்த்து பள்ளிக்கூட டீச்சரான மனைவி எஸ்தரைப் பாராட்டிவிட்டுத்தான் தெருவில் இறங்கினார்.

மாவுக் குண்டான் எப்போதும் இருக்கும் இடத்தில் இப்போது ஒரு கட்டு முருங்கைக்கீரை கிடந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"அதுக்குள்ள கசப்புக் கீரைகூட வந்துடுச்சா? பரவாயில்லையே!"

தனகோடி தரையைப் பார்த்தாள்.

அவர் வாசலுக்கு வந்தபோது காற்று திசை மாறியது. நன்றாகப் பொங்கிய மாவின் வாசனை. பக்கத்து வீட்டிலிருந்து.

அது சின்னக்கண்ணு வீடு. மாரியம்மனுக்கு ஆடி தவறாமல் கூழ் ஊற்றுகிற குடும்பம். உபதேசியார் மெழுகுவத்தியை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு அங்கே நடந்தார். தனகோடி பின்னாலேயே ஓடினாள்.

அன்றைய நெசவு முடிந்து தறி ஓய்ந்திருந்தது. தறிக்குப் பக்கத்தில் சுவரோரமாக எட்டுக் குண்டான்கள். ஒன்றிரண்டில் மாவு பொங்கி மூடியைத் தூக்கிக்கொண்டிருந்தது.

"இதெல்லாம் யாரோடது?"

"என்னுதுங்க." சின்னக்கண்ணு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "வூட்டுக்கு ஒரு கட்டு முருங்கக்கீர குடுத்து வாங்கிகினேன். ஏழு நாளிக்கு இட்லிக் கடையும் என்னுது. உங்க பண்டிக முடிஞ்சதும் அக்கா திருப்பி வாங்கிக்கும். காலீல வாங்க, சுடச்சுட நாலு துண்ணலாம். ஐயையோ, நீங்கதான் துண்ணக் கூடாதே!"

உபதேசியார் தனகோடியின் பக்கம் திரும்பினார். பன்னிரண்டு வருடக் கடையின் கதி அந்த நிமிடத்தில் அவர் சொல்லப்போகும் ஒரு வார்த்தையில் இருந்தது.

"இந்த யோசனையை உனக்கு யார் கொடுத்தது?"

 தனகோடி வரிசையின் கடைசியில் இருந்த பித்தளைக் குண்டானைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். குனிந்து மெழுகுவத்தியை அருகில் கொண்டுபோனார்.

கழுத்தைச் சுற்றிப் புள்ளிப் புள்ளியாக வெட்டிய எழுத்துகள். 'இராஜமாணிக்கம் – எஸ்தர். திருமண அன்பளிப்பு. 1961.'

"டீச்சரம்மாதாங்க சொன்னாங்க," என்றாள் தனகோடி, மெல்ல. "யூதருங்களும் பண்டிகைக்கு இப்டித்தான் வேத்து மதத்துக்காரங்களுக்கு வித்துட்டு, அப்பால திருப்பி வாங்கிப்பாங்களாம். நீங்க படிச்சிகினு கீற பொஸ்தகத்துலயே போட்டிருக்காம். நீங்க அடையாளம் வெச்சிருக்கிற எடத்துக்கு அடுத்த பக்கத்துல."

மெழுகு ஒரு சொட்டு அவர் விரலில் விழுந்தது.

உபதேசியார் மெழுகுவத்தியை ஊதி அணைத்தார். முதலில் சிரித்தது அவர்தான்.