நாலு மணிக் கோளாறு

"படுத்துடுச்சு சார்!" என்று குஷியாக அறிவித்தார் சோடாபுட்டி. தடித்த கண்ணாடி வாங்கிக் கொடுத்த பெயர் அது.

பொம்மைக் கிடங்கின் அலுவலகத்தில் மணி நான்கு. கிளைகளில் அன்று வந்த ஆர்டர்களையெல்லாம் திரட்டிப் பேக்கிங் பிரிவுக்கு அனுப்பும் ஸ்கிரிப்ட், லினக்ஸ் சர்வரில் தினமும் இந்த நேரத்துக்குத் தானாக ஓட வேண்டும். மாதக்கணக்கில் ஓடவில்லை. எல்லோரும் உட்கார்ந்து, கிளை கிளையாகக் கையால் ஓட்டி முடிப்பதற்குள் வீட்டுக்குப் போகும் நேரம் வந்துவிடும்.

கண்ணாடிக் கதவைத் திறந்து மேனேஜர் எட்டிப் பார்த்தார். கையில் வெந்நீர் பிளாஸ்க்.

"இன்னிக்கும் இல்லையா?" தொண்டையைச் செருமிக்கொண்டார். முகம் சுருங்கிப்போனது. பிறகு, புதிதாகச் சேர்ந்திருந்த பெண் பக்கம் திரும்பினார். "உன்னை நான்தான் கூட்டிட்டு வந்தேன். இதைச் சரி பண்ணினாத்தான் உன்னை நிரந்தரமாக்க முடியும். நாளைக்குள்ள முடிச்சிடும்மா."

கதவு மூடியதும் அவள் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். போன வேலையும் பாதியில் போனதுதான். இதுவும் போனால் வீட்டில் யார் முகத்திலும் விழிக்க முடியாது.

"சர்வருக்கு வயசாயிடுச்சும்மா, விட்டுடு" என்றார் சோடாபுட்டி. இத்தனை நாள் அதைக் கட்டி மேய்த்தவர் அவர்தான்.

"ரூம்ல ஏசி பத்தலையோ என்னவோ. நீ முதல்ல டீயைக் குடி" என்றாள் பேக்கிங் அக்கா.

கோளாறை வைத்துக்கொண்டு இவ்வளவு சந்தோஷமாக இருக்கிற மனிதர்களை அவள் பார்த்ததே இல்லை. தனக்கு மட்டும்தான் இங்கே அக்கறையா என்று எரிச்சல்கூட வந்தது.

மறுநாள் காலையிலிருந்தே சர்வரே கதியென்று கிடந்தாள். மதியத்துக்கு மேல், "பிடிச்சுட்டேன்!" என்று துள்ளிக் குதித்தாள்.

"என்னத்தைம்மா?" என்றார் சோடாபுட்டி, பதறிப்போய்.

"கையால ஓட்டினா ஓடுது, தானா விட்டா படுக்குது. அப்போ ஸ்கிரிப்ட்ல தப்பில்லண்ணா. நாம ஓட்டும்போது சர்வருக்கு எது எங்க இருக்குன்னு தெரியும். தானா ஓடும்போது ஊருக்குப் புதுசா வந்த ஆள் மாதிரி முழிக்கும். வழி சொல்லி அனுப்பணும். அந்த வழியைச் சொல்ற வரியையே காணோம்!"

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எலி கிலி கடிச்சிருக்குமோ?"

"வரியையா?"

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவசரப்படாதே கண்ணு. நாளைக்குப் பார்த்துக்கலாம்."

"நாளைக்கு எனக்கு வேலை இருக்காதேக்கா" என்று சொல்லிவிட்டு, விட்டுப்போன வரியை எழுதிச் சேர்த்தாள்.

நான்கு மணிக்கு ஸ்கிரிப்ட் சமர்த்தாக ஓடியது. ஆர்டர்கள் மளமளவென்று போய்ச் சேர்ந்தன. அவள் ஒருத்திதான் கைதட்டினாள். சோடாபுட்டி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு நழுவுவதற்குள் மேனேஜர் வந்து வாசலை மறித்தார்.

"சபாஷ்! உன் வேலை நிரந்தரம்மா, இப்பவே கையெழுத்துப் போட்டுட்டேன். யாரும் எழுந்திரிக்காதீங்க. கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் இருக்குல்ல?" பிளாஸ்க்கைத் திறந்து ஒரு வாய் வெந்நீர் குடித்தார்.

அடுத்த நாள் நான்கு மணிக்கு, அவர் சிரித்த முகமாக வந்து நின்றார்.

"ஓடிடுச்சாம்மா?"

"படுத்துடுச்சு சார்" என்றாள் அவள்.

"நேத்துத்தானே சரி பண்ணினே?"

"இது வேற கோளாறு சார். பழசைவிட மோசம். லேசுல பிடிபடாது போலிருக்கு."

மேனேஜர் பெருமூச்சு விட்டார். "சரி, வேலைதான் முக்கியம்" என்று கையிலிருந்த மைக்கை அணைத்துவிட்டு அறைக்குத் திரும்பினார்.

அக்கா அவள் முன்னால் நுரை ததும்பும் டீயை வைத்தாள்.

"முதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாக்கா?" என்று கிசுகிசுத்தாள் அவள்.

"அவர் கூட்டிட்டு வந்த பொண்ணாச்சே, அவர் பாட்டு உனக்குப் பிடிக்கும்னுல்ல நினைச்சோம்!"