ஞாயிற்றுக்கிழமை அப்பா

கோர்ட் உத்தரவுப்படி ஞாயிறுதோறும் என் மகள் அவள் அப்பாவோடு இருக்க வேண்டும். என் முன்பற்கள் இரண்டை உடைத்தவருக்கும் பாசம் என்று ஒன்று இருக்குமல்லவா?

மாலையில் மகளைத் திரும்பக் கொண்டுவந்து விடுவது அவருடைய புது மனைவி. அன்று மகள் உள்ளே ஓடிய பிறகும் அவள் வாசலிலேயே நின்றாள்.

“அக்கா, இனிமே சனிக்கிழமையும் பாப்பாவை அனுப்புங்களேன்.”

“ஏன், அவரு கேட்கச் சொன்னாரா?”

“இல்லக்கா, நானாத்தான் கேக்கறேன். பாப்பா வந்தா அவரு அவ்வளவு சாந்தமா இருக்காரு. சத்தம் போட்டுக்கூடப் பேசறதில்ல.”

“அடடா. எனக்கு வாய்க்காத உத்தமர் உனக்கு வாய்ச்சிருக்காரு. கொடுத்து வெச்சவ நீ.”

அவள் சிரிக்கவில்லை.

“லீவு விட்டா ஒரு மாசம் சேர்ந்தாப்பல அனுப்புவீங்களா?”

எனக்குச் சுருக்கென்றது. கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்ளப் பார்க்கிறார்கள்.

“பெத்தவ நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். என் பொண்ணு மேல உனக்கென்ன அவ்வளவு அக்கறை?”

அவள் தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“அவ இருக்கிற அன்னிக்கு மட்டும்தான்க்கா அவரு என்னை அடிக்கறதில்ல. கோர்ட்டுல போய்ச் சொல்லிடுவாளோன்னு பயம்.”

நான் கதவை அகலத் திறந்தேன்.

“உள்ள வா. உன்னைப் பார்க்கறதுக்கும் கோர்ட்டுல போய் உத்தரவு வாங்கிட்டு வரட்டும், அந்த உத்தமரு.”