அட்டைக்கு வாங்கிய உப்பு

"போன வாரம் வாங்குன உப்பு அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?" என்றான் அஜந்தன்.

"மழைக்கு அட்டை கூடிப்போச்சுங்க. காலுல உப்புத் தேய்க்காம கொழுந்து பறிக்க மலைக்குப் போக முடியுமா?" என்றாள் மனைவி ஷாமிளா.

அன்று புளத்கொகுபிட்டியவிலிருந்து விவசாய அதிகாரி மாத்தயா தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு வந்திருந்தார். பக்கத்து வீட்டு மூக்காயி உரச்சாக்கில் வளர்த்த தக்காளிதான் லயம் முழுக்கப் பேச்சு. இந்த முறை செடி குட்டை, இலையோரம் கருகல், பழமும் சிறிசு. ஆனால் அப்படி ஓர் இனிப்பு.

மாத்தயா ஒன்றைக் கடித்துப் பார்த்தார். "உப்புத் தண்ணி ஊத்துறீங்களா? உப்பு இருந்தா செடியால தண்ணிய நல்லா இழுக்க முடியாது. பழம் சிறுத்து, சீனி கூடும். அளவு மிஞ்சுனா செடியே செத்துப்போகும்."

"நான் ஊத்தவே இல்லீங்களே," என்று விழித்தாள் மூக்காயி.

"அளவுன்னா எவ்வளவுங்க?" என்று கேட்டது ஷாமிளா.

மறுநாள் காலை அவள் தன் தக்காளிச் செடிக்கு உப்புக் கரைத்து ஊற்றுவதை அஜந்தன் பார்த்துவிட்டான்.

"உப்பு அட்டைக்குன்னு சொன்ன?"

ஷாமிளா குரலைத் தாழ்த்தினாள். "இவ்வளவு நாளும் மூக்காயி அக்கா செடி சாகட்டும்னு ஊத்துனேங்க. இது நம்ம செடி இனிக்கட்டும்னு."