வெல்தேயின் இன்னொரு கண்

"கத்தரிக்கோல் இருக்கா, மகளே?" என்றார் அபா கெப்ரு.

எங்கள் ஆவணக் காப்பகத்தில் யாரும் கேட்கக் கூடாத கேள்வி. கேட்டவர் குருவானவர் என்பதால் சிரித்து வைத்தேன்.

மேசைமேல் பழைய புகைப்படம். எழுபத்தைந்து வருடங்களுக்கு முன், ஊர்க் கோயிலுக்கு அஸ்திவாரம் தோண்டிய அன்று எடுத்தது. அதன் பெரிய பிரதியை ஞாயிறன்று கோயிலில் மாட்டப்போகிறார்கள்.

பன்னிரண்டு பேர். பதினொருவர் நேராகப் பார்க்கிறார்கள். ஓரத்தில் நிற்கும் வெல்தே என்பவர் மட்டும் முகத்தைத் திருப்பியிருக்கிறார்.

எங்கள் கோயில் ஓவியங்களில் நல்லவர்களுக்கு இரண்டு கண்கள். யூதாசுக்கும் சாத்தானுக்கும் பக்கவாட்டு முகம், ஒற்றைக் கண். அதையே பார்த்துப் பழகிய ஊர், புகைப்படத்தையும் அப்படித்தான் பார்த்தது. வெல்தே ஏதோ செய்யக்கூடாததைச் செய்தவர் என்று பேச்சு.

அவரை வெட்டிவிட்டு மாட்டலாம் என்பது அபாவின் முடிவு.

வெல்தேயின் மகள் அஸ்காலேயும் கூட வந்திருந்தார். எழுபது வயது. தாய் வயிற்றில் இருக்கும்போதே தகப்பன் இறந்துவிட்டார். அவர் பார்த்த அப்பா இந்தப் பாதி முகம்தான். வெட்ட வேண்டாம் என்று மூன்று மாதமாகக் கெஞ்சுகிறார்.

அபா கல்நெஞ்சர் இல்லை. படியேறும்போதே, ஊரறிந்த தன் கதையை எனக்கும் சொன்னார். மூன்று வயதில் ஒரு குழியில் தலைகுப்புற விழப்போனாராம். கபிரியேல் சம்மனசு வானத்திலிருந்து இறங்கிவந்து, பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து நிறுத்தினாராம். அந்த இழுப்பு இன்னும் கழுத்தில் இருக்கிறதாம். அதனால்தான் குருவானாராம்.

சம்மனசு கொஞ்சம் யோசித்துப் பிடித்திருக்கலாம் என்று அஸ்காலே முணுமுணுத்தார். அபா காதில் விழாத மாதிரி ஏறினார்.

நான் கத்தரிக்கோலை எடுக்கவில்லை. இந்தப் படத்தின் மூல நெகட்டிவான கண்ணாடித் தகட்டை மூன்று நாள் தேடிக் கண்டுபிடித்திருந்தேன். அதிலிருந்து எடுத்த புதிய பிரதியை மேசைமேல் வைத்தேன்.

இது பழையதைவிட நான்கு விரல் அகலம் கூடுதல். ஓரம் கலங்கலாக இருந்ததால் யாரோ அப்போதே வெட்டியிருக்க வேண்டும். குழந்தைகள் கேமராவுக்காக அசையாமல் நிற்பதில்லை.

அந்த ஓரத்தில் அஸ்திவாரக் குழி. அதன் விளிம்பில் ஒரு சின்னப் பையன், ஒரு கால் அந்தரத்தில். வெல்தேயின் நீண்ட கை அவன் சட்டையைப் பின்னாலிருந்து இறுகப் பிடித்திருக்கிறது. அவர் பார்வை அவன்மேல்.

மற்ற பதினொருவரும் இரண்டு கண்களாலும் கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அபாவின் கை மெல்ல எழுந்து அவர் பிடரியைத் தொட்டது.

அஸ்காலே அப்பாவையே வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழி விளிம்பில் விரலை வைத்தார்.

"அப்ப, இந்த ஓரத்தை வெட்டிடலாமா, அபா?"

அபாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து இருமி, கண்ணில் நீர் வந்த பிறகும் சிரித்தார்.

அங்கியிலிருந்து கைச்சிலுவையை எடுத்தார். வழக்கம்போல் முத்தமிட நான் குனிந்தேன்.

சிலுவை என்னைத் தாண்டிப் போய், சட்டையைப் பிடித்திருந்த அந்தக் கைமேல் மெதுவாக இறங்கியது.